காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: ஃபில்டரும் சீலும் மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கேரள எல்லைக்குள் இருக்கும் ஆரியங்காவிலிருந்து எங்கள் செங்கோட்டை ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு டீசல் காரைப் பற்றி முழுதாக எழுதி வைக்கிறேன். இதே புகாரோடு வண்டி ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். காரணம் தெரியாமல் பெரிய பெரிய பாகங்களை மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

வண்டி 2012 மாடல். 1.3 லிட்டர் காமன் ரெயில் என்ஜின் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்திருக்கும் வகை), 1,30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. உரிமையாளர் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரியங்காவுப் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். சாமான் வாங்க, ஆஸ்பத்திரி போக, தென்காசியில் இருக்கும் மகளைப் பார்க்க என்று கோட்டைவாசல் தாண்டி, எஸ் வளைவு இறங்கி, புளியரை வழியாக அடிக்கடி இந்தப் பக்கம் வருவார்.

“தம்பி, பகல்ல ஒரு குறையும் இல்ல. மலை ஏறும்போதுகூட இழுவை நல்லாத்தான் இருக்கு. விடிஞ்சா மட்டும் செல்ஃப் அடிச்சிக்கிட்டே கிடக்கணும், பிடிக்கவே மாட்டேங்கு. ஒருதரம் பிடிச்சிட்டா அப்புறம் ராத்திரி வரைக்கும் பிரச்சினையே இல்ல” என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். வேறொரு இடத்தில் சர்வீஸ் விட்டு டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகுதான் என்றார். முதலில் இரண்டு மூன்று விநாடி கூடுதலாக இழுத்தது, போகப் போக அரை நிமிடம் வரை ஆகிவிட்டதாம்.

எங்களிடம் வருவதற்குள் புது பேட்டரி போட்டாகிவிட்டது. குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் நான்கும் மாற்றியாகிவிட்டது. ஒருவர், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டரில் லீக் என்றிருக்கிறார். இன்னொருவர் ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது, 50,000 ரூபாய்க்குக் குறையாது என்று சொல்லியிருக்கிறார். ஊரில் இருப்பவர்கள் டீசல்தான் காரணம் என்றார்களாம். 2023 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் சேர்ந்ததிலிருந்து அந்தப் பக்கத்து வண்டிகள் இங்கே வந்து டேங்க் நிரப்பிப் போவது இன்னும் கூடியிருக்கிறது. அதனால் அங்கே ஒரு வண்டிக்கு ஏதாவது ஆனால் உடனே செங்கோட்டை டீசலைத்தான் குறை சொல்வார்கள். அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துவிடுவோம் என்று ஃபில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசைக்காமல் வைத்தோம். அடியில் சில துளி தண்ணீர் தங்கியது. சாரல் காலத்தில் பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து அவ்வளவு தண்ணீர் சேர்வது சகஜம். மேலே நின்ற டீசல் தெளிவாக இருந்தது, கலங்கல் இல்லை.

அப்புறம் பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மகள் வீட்டில் தங்கினால் மறுநாள் காலையில் இவ்வளவு தொந்தரவு இல்லையாம். “அந்த வீட்டு ராசி” என்று சிரித்தார். அவருடைய வீடு சரிவில் இருக்கிறது. காரின் மூக்கு மேலே பார்க்க, டேங்க் கீழே இருக்க நிறுத்துகிறார். மகள் வீட்டு வாசல் சமதளம். அதைக் கேட்டதும், ஃபில்டர் பக்கம் எங்கோ காற்று நுழைகிறது என்று என் சந்தேகம் முழுக்க அங்கே திரும்பிவிட்டது.

காற்று எப்படி உள்ளே போகிறது

இந்த வகை வண்டியில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிட உள்ளே மின் மோட்டார் இல்லை. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கிலிருந்து பானட்டுக்குள் இருக்கும் ஃபில்டர் வரைக்கும், அங்கிருந்து என்ஜின் பம்ப் வரைக்கும், டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. உறிஞ்சும் பாதையில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் மேல்பாதியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே சிந்தாது, வாய்க்குக் காற்றுதான் வரும். இங்கேயும் அப்படித்தான். அதனால்தான் “கீழே ஒரு சொட்டு டீசல்கூட இல்லையே, லீக் எங்கே இருக்கு?” என்று பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

என்ஜின் ஓடும்போது உள்ளே வரும் கொஞ்சம் காற்றை பம்ப் சமாளித்து, திரும்பும் பைப் வழியாக டேங்குக்கே அனுப்பிவிடும். வண்டி இரவு முழுவதும் நிற்கும்போது கதை வேறு. ஃபில்டரின் ரப்பர் சீல் சரியாகப் பிடிக்காவிட்டால், அதன் வழியாகக் காற்று மெல்ல நுழைய நுழைய, ஃபில்டரில் இருக்கும் டீசல் தன் எடையாலேயே டேங்குக்கு இறங்கிவிடும். டேங்க் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு வேகமாக இறங்கும். சரிவில் மூக்கைத் தூக்கி நிற்கும் வண்டிக்குத் தொந்தரவு அதிகமாக இருப்பது இதனால்தான்.

காலையில் சாவியைத் திருப்பினால் பம்புக்கு முதலில் கிடைப்பது காற்று. காமன் ரெயிலில் அழுத்தம் ஏறக்குறைய 200 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல 200 மடங்கு) வந்தால்தான் இஞ்செக்டரைத் திறக்க கம்ப்யூட்டர் உத்தரவு கொடுக்கும். காற்று அமுங்கிக்கொடுக்கும், டீசல் அப்படி அமுங்காது. காற்று முழுக்க வெளியேறும்வரை அழுத்தம் ஏறாது, செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி பழையதாக இருந்தால் அதற்குள் படுத்துவிடும். உடனே பழி பேட்டரி மேல் விழுந்துவிடும்.

சோதனை

எங்கள் வாசலில் லாரி சாமான் இறக்க ஒரு சாய்தளம் இருக்கிறது. அதில் மூக்கு மேலே இருக்கும்படி ஓர் இரவு வண்டியை நிறுத்தினோம். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து, பைப்பில் இருக்கும் கைப்பம்பை அமுக்கிப் பார்த்தேன். கையில் எதிர்ப்பே இல்லை, பலூனை அமுக்குவதுபோல் தொளதொளவென்று இருந்தது. அமுக்க அமுக்கக் காற்று போய், டீசல் நிறைந்து, கட்டியாகிவிட்டது. அதன் பிறகு ஒரே செல்ஃபில் என்ஜின் பிடித்தது.

இந்த ஒரு சோதனைக்குக் காசு ஒன்றும் ஆகாது. ஆனால் பேட்டரி, ஹீட்டர் பிளக், இஞ்செக்டர், ஹை பிரஷர் பம்ப் நான்கையும் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பம்பில் தேய்மானமோ இஞ்செக்டரில் லீக்கோ இருந்தால், கையால் டீசலை நிரப்பிக் கொடுத்தாலும் அழுத்தம் ஏறச் சிரமப்படும். இங்கே சிரமமே இல்லை. கைப்பம்ப் உள்ள வண்டியில் இதைச் செய்து பார்க்காமல் யாராவது பம்பைக் கழற்றச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உறுதிப்படுத்த ஸ்கேனரும் மாட்டினோம். ரெயில் அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி 0087 என்ற கோடு (பிழைக் குறியீடு) கார் கம்ப்யூட்டரின் நினைவில் இருந்தது. இந்தக் கோடு வந்தாலே சிலர் பம்ப் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அழுத்தம் குறைவு என்பதை மட்டும்தான் கோடு சொல்லும். ஏன் குறைவு என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அடுத்து, காற்று எந்த இடத்தில் நுழைகிறது? டேங்கிலிருந்து ஃபில்டர் வரும் நீண்ட பைப்பிலா, ஃபில்டரிலேயா? ஃபில்டருக்குள் போகும் பக்கம் ஒரு சாண் கண்ணாடி பைப் (உள்ளே ஓடுவது தெரியும் பைப்), வெளியே வரும் பக்கம் ஒரு சாண் கண்ணாடி பைப் என்று தற்காலிகமாகப் பொருத்தினோம். பொருத்தும்போது நாமே உள்ளே விட்ட காற்று முதலில் வெளியேற வேண்டும், அதனால் சில நிமிடம் என்ஜினை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளே போகும் பைப்பில் டீசல் குமிழி இல்லாமல் தெளிவாக வந்தது. வெளியே வரும் பைப்பில் கடுகு கடுகாகக் குமிழிகள் விடாமல் ஓடின. ஆக, காற்று ஃபில்டருக்குள்தான் சேர்கிறது.

மறுநாள் இரவு, டேங்கை நிரப்பி, அதே சாய்தளத்தில் வண்டியைத் திருப்பி மூக்கைக் கீழே பார்க்க நிறுத்தினோம். இப்போது டேங்க் மேலே, ஃபில்டர் கீழே. காலையில் தொட்டதும் ஸ்டார்ட். ஃபில்டரின் அடியில், டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் தண்ணீர் சென்சார் திருகியிருக்கும் இடத்தைச் சுற்றிச் சுத்தமான டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுத்தால், நிலா வடிவத்தில் ஒரு டீசல் கறை. உறிஞ்சும்போது காற்றை உள்ளே விட்ட அதே வழி, அழுத்தம் திரும்பியதும் டீசலை வெளியே காட்டிக்கொடுத்துவிட்டது.

கழற்றியபோது கண்டது

இந்த மாதிரி ஃபில்டரில் தண்ணீர் சென்சார் தனிப் பாகம். ஃபில்டரை மாற்றும்போது பழையதிலிருந்து சென்சாரைக் கழற்றிப் புதியதில் மாட்டுவார்கள். அதன் கழுத்தில் ஓர் ஓ ரிங் (வட்ட ரப்பர் சீல்), நடுவில் இருக்கும் தண்ணீர் வடிக்கும் திருகில் இன்னொரு சின்ன ஓ ரிங். முன்பு வேலை பார்த்தவர் சென்சாரோடு பழைய ரிங்கையும் அப்படியே புது ஃபில்டரில் ஏற்றியிருக்கிறார். அது பிடிக்காமல் டீசல் கசிந்திருக்க வேண்டும். அதை அடக்க இடுக்கியால் இறுக்கியிருக்கிறார், சென்சாரின் பிளாஸ்டிக்கில் பல் தடம் அப்படியே இருந்தது. மரையில் சிலிக்கான் பேஸ்ட்டும் தடவியிருந்தார்.

ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியை வண்டி உரிமையாளர் அண்ணாச்சி டிக்கியில் பத்திரமாக வைத்திருந்தார். அதற்குள் பிரிக்காத சின்ன பிளாஸ்டிக் கவர். கவருக்குள் இரண்டு புது ஓ ரிங்குகள்.

பழைய ரிங்கை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, அவ்வளவு கெட்டி. வெர்னியரில் பிடித்தால் புது ரிங் 2.6 மில்லிமீட்டர் கனம், பழையது சப்பையான இடத்தில் 2.2. அது உட்காரும் காடியின் (பள்ளத்தின்) ஆழம் 2.1. புது ரிங் அந்தக் காடியில் அரை மில்லிமீட்டர் நசுங்கி உட்காரும், அந்த நசுங்கல்தான் சீல். பழையதுக்கு மிஞ்சியது வெறும் 0.1. எவ்வளவு இறுக்கினாலும் அதனால் பிடிக்க முடியாது, ஏனென்றால் ஓ ரிங் வேலை செய்வது காடிக்குள் நசுங்குவதால். திருகின் இறுக்கம் சென்சார் கழன்று போகாமல் இருக்க மட்டும்தான்.

ஃபில்டர் கிட்டத்தட்டப் புதிது, ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் சென்சார் உட்காரும் வாயில் இறுக்கிய வேகத்தில் கீறல் விழுந்திருந்தது. கீறலின் மேல் புது ரிங் போட்டால் ஒரு மாதம் தாங்கும், அப்புறம் மறுபடி இதே கதை. ஃபில்டரையும் மாற்றிவிடலாம் என்று அண்ணாச்சியிடம் கீறலைக் காட்டியே சொன்னேன். “நீ பாத்து செய்யி தம்பி” என்றார். கைப்பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் கிளிப் இருக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்புகள். அதையும் எடுத்துவிட்டோம்.

மாற்றிய விதம்

முதல் வேலை கழுவுவது. ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ் வைத்துத் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகுதான் பைப்பில் கை வைத்தோம். காமன் ரெயிலின் பம்புக்கும் இஞ்செக்டருக்கும் உள்ளே பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சில மைக்ரான்தான். கழற்றும்போது பைப் வாயில் விழும் ஒரு மணல் துகள் ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் விழுந்தால் அதைத் தடுக்க வேறு ஆளே இல்லை. கழற்றிய பைப் வாய்களுக்கு உடனே மூடி போட்டோம். பனியன் வேஸ்ட்டைப் பைப்புக்குள் திணிக்கக் கூடாது, நூல் உள்ளே போகும்.

என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். அடியில் ட்ரே வைத்து, சென்சார் ஒயரைக் கழற்றி, வடிக்கும் திருகைத் தளர்த்தி டீசலை இறக்கினோம். பைப்கள் மாட்டும் குயிக் கனெக்டரில் இரண்டு பக்கமும் அமுக்கினால் விடுபடும் பொத்தான் இருக்கிறது. வருஷக்கணக்கில் தூசி படிந்து அது இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் உடையும். கொஞ்சம் டீசல் தெளித்து, பைப்பை முதலில் உள்ளே தள்ளி, பிறகு பொத்தானை அமுக்கி இழுத்தால் சுலபமாக வரும். கனெக்டருக்குள்ளும் சின்ன சீல் இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம், இரண்டும் நன்றாக இருந்தன.

பழைய ரிங் முழுதாக வெளியே வந்ததா என்று காடியை விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். பாதி ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியது ஏறினால் நிச்சயம் கசியும். சென்சார் மரையில் இருந்த சிலிக்கான் பேஸ்ட் முழுவதையும் சுரண்டி எடுத்தோம். டீசல் படும் இடத்தில் பேஸ்ட்டுக்கு வேலையே இல்லை. அது ஊறிப் பிசிறாக உதிர்ந்து வழியை அடைக்கும். புது ரிங்கில் சுத்தமான டீசல் ஒரு துளி தடவினோம், கிரீஸ் தேவையில்லை. மரையின் கூர் ரிங்கைக் கிழிக்காமல் பார்த்து, முறுக்காமல் ஏற்றி, கையாலேயே திருகி உட்கார வைத்தோம். ஸ்பேனரோ இடுக்கியோ தொடவில்லை.

ரிங் எந்த ரப்பர் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். கடையில் அளவு மட்டும் பார்த்து எடுத்துக் கொடுக்கும் சாதாரண தண்ணீர்க்குழாய் ரிங் டீசலில் ஊதிப் பெருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் தாங்கும், ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பர் இன்னும் நன்றாகத் தாங்கும், வெப்பத்துக்கும் அதுதான் நல்லது. பழைய வண்டிகளுக்கு இன்னொரு சங்கதி: 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வரும் பிஎஸ் 6 (புகை மாசு விதிப்படியான) டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதற்கு முந்தைய பிஎஸ் 4 டீசலில் 50. கந்தகத்தை எடுக்கும் முறையில் ரப்பரை உப்பவைக்கும் ஆரோமாட்டிக் பொருள்களும் குறையும். பழைய டீசலில் வருஷக்கணக்கில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் சீல், அந்தப் பொருள்கள் குறைந்ததும் சுருங்கும். வயதான ரப்பர் சுருங்கினால் முன்போல விரிந்து இடத்தை அடைக்காது. அதனால் 10 வருஷம் தாண்டிய வண்டியில் “ரிங் பார்க்க நல்லாத்தானே இருக்கு” என்று மறுபடி போடவே கூடாது.

ஃபில்டரில் அம்புக்குறி பார்த்துப் பைப்களை அதனதன் இடத்தில் மாட்டினோம். புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் லாரி வேலையிலிருந்து வந்தது. காமன் ரெயிலுக்கு அது ஆபத்து. வெளியேறும் வாய் வழியாக ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போகும். கைப்பம்ப் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. கட்டியாகும்வரை அமுக்கினோம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அமுக்கினோம். அதற்கு முன் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஹை பிரஷர் பம்புக்கு மசகு எண்ணெய் என்பதே அதற்குள் ஓடும் டீசல்தான். வெறும் காற்றோடு சுற்றினால் பம்ப் உள்ளே தேய்ந்து, அதன் உலோகத் தூள் இஞ்செக்டர் வரைக்கும் போகும்.

காற்று எடுக்கிறேன் என்று இஞ்செக்டர் பைப் நட்டைத் தளர்த்திக்கொண்டு செல்ஃப் அடிப்பது பழைய என்ஜின்களில் நடந்த முறை. அதைக் கற்றுத்தந்த மூத்த மெக்கானிக்குகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. இந்தத் தலைமுறை என்ஜின்களில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். வெளியே சின்ன ஊசிப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, கண்ணாடி பைப்பில் மறுபடி பார்த்தோம். ஆரம்பத்தில் வந்த குமிழிகள் நின்று, டீசல் தெளிவாக ஓடியது. கண்ணாடி பைப்களைக் கழற்றிப் புது டீசல் ஹோஸ் போட்டு, திருகுக் கிளிப் மாட்டி, மறுபடி கைப்பம்ப் அடித்துக் காற்றை எடுத்தோம். சிந்திய டீசலைக் கழுவித் துடைத்தோம், ரப்பர் புஷ்களிலும் ஆல்டர்னேட்டரிலும் அது தங்கக் கூடாது. ஸ்கேனரில் பி 0087 கோடை அழித்துவிட்டுப் புளியரை ஏற்றத்தில் எஸ் வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். கோடு திரும்பி வரவில்லை.

அன்று இரவு சாய்தளத்தில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினோம். காலையில் கைப்பம்ப் கட்டியாகவே இருந்தது, ஒரு செல்ஃபில் பிடித்தது. ஃபில்டர், ரிங்குகள், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. வண்டி ஆரியங்காவு போய், வீட்டுச் சரிவில் நின்று, ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். பழையபடி தொட்டதும் பிடிக்கிறது என்றார்.

ஃபில்டர் மாற்றும் தூரத்தைப் பல கம்பெனிகள் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை சொல்கின்றன. உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கும். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் டேங்கைக் காலியாக வைக்காமல் ஓட்டுவதும், அந்தப் பருவம் முடிந்ததும் ஒருமுறை ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிப்பதும் நல்லது என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன். டேங்க் மேலிருந்து இரும்பு பைப்புக்கு வரும் ரப்பர் ஹோஸ் இப்போதைக்குக் காற்று எடுக்கவில்லை. ஆனால் அதற்கும் ஃபில்டர் பக்கம் எடுத்துப்போட்ட ஹோஸின் அதே வயசுதான். அடுத்த சர்வீஸில் டேங்க் காலியாக இருக்கும்போது அதையும் மாற்றுவதாகக் குறித்து வைத்திருக்கிறோம்.